விசா முடிந்து நின்றவர் பி.ஆர் எடுத்த பிறகு பிரித்தானியச் சிற்றிசனுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

"விசா முடிஞ்சு கன காலம் நிண்டவர். இப்ப பி.ஆர் கிடைச்சிட்டுது. சிற்றிசன் குடுப்பாங்களோ, இல்லாட்டி பழசைக் கிளறிப் பிரச்சினையாக்குவாங்களோ?"

லண்டனில் பிள்ளையோ சகோதரமோ இருக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பயத்தில் பி.ஆரோடு நின்றுவிடுபவர்கள் பலர். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டுப் பழையதை மறைத்து விண்ணப்பித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாதவை. விசா முடிந்த பிறகும் நின்றது, பி.ஆர் கிடைத்த ஒருவருக்கு இன்று பெரும்பாலும் தடையே இல்லை. அதை மறைப்பதுதான் தடை. சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

நாங்கள் பி.ஆர் என்று சொல்வதை பிரித்தானியாவில் ஐ.எல்.ஆர் என்பார்கள். கால எல்லை இல்லாமல் அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் அது விசாதான், குடியுரிமை அல்ல. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் ஐ.எல்.ஆர் இல்லாமல் போய்விடும். அம்மாவைப் பார்க்க என்று ஊருக்கு வந்து, காணி வழக்கு, வருத்தம் என்று நாள் இழுபட்டு, இரண்டு வருடம் தாண்டியவர்களுக்கு இது நடந்திருக்கிறது. சிற்றிசன் எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

குடியுரிமைக்கான சட்டம் 1981 ஆம் ஆண்டின் பிரித்தானிய தேசியச் சட்டம். வளர்ந்தவர்கள் அதன் 6 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறார்கள். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரைக் கலியாணம் செய்திருந்தால் 6(2), மற்றவர்களுக்கு 6(1). இரண்டிலும் நாட்கணக்கு, ஐ.எல்.ஆர், ஆங்கிலம், நன்னடத்தை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஓவர்ஸ்டே, அதாவது விசா முடிந்த பிறகும் நின்றது, இரண்டு இடத்தில் தலைகாட்டும். தகுதிக் காலத்தில் (விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருடம், 6(2) இல் 3 வருடம்) குடிவரவுச் சட்டத்தை மீறியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை ஒன்று. நன்னடத்தை மற்றது.

முதலாவது நிபந்தனை 2022 ஜூன் 28 முதல் இலகுவாகிவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒருவருக்கு ஐ.எல்.ஆர் இருந்தால், தகுதிக் காலத்தில் சட்டத்தை மீறினாரா என்று மேலும் துருவாமலே அந்த நிபந்தனை நிறைவேறியதாக எடுத்துக்கொள்ள, குடிவரவைப் பார்க்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிசுக்கு அதிகாரம் உண்டு. காரணம் எளிது. ஐ.எல்.ஆர் தரும்போதே அந்த மனிதரின் முழு வரலாற்றையும் பார்த்துத்தான் தந்திருக்கிறார்கள். அதே விசாரணையை இரண்டாந்தரம் நடத்த வேண்டியதில்லை.

இரண்டாவதான நன்னடத்தையில் கவனிக்க வேண்டிய அளவு 10 வருடம். விண்ணப்பத்துக்கு முந்திய 10 வருடத்துக்குள் நடந்த குடிவரவு மீறல்கள்தான் வழமையாகக் கணக்கில் வரும். ஐ.எல்.ஆர் கொடுக்கும்போது ஹோம் ஒபிசுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஓவர்ஸ்டேயை வழமையாக அதற்குப் பிறகு தூக்கிப் பிடிப்பதில்லை.

இதை இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். இருவரும் உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவர்கள்.

சாவகச்சேரியைச் சேர்ந்த ஒருவர் 1993 இல் மாணவர் விசாவில் போய், 1994 இல் விசா முடிந்தும் நின்றுவிட்டார். 20 வருடம் இருந்ததைக் காட்டி 2013 நவம்பரில் அவருக்கு 30 மாத விசா கிடைத்தது. 2016 மே, 2018 நவம்பர், 2021 மே என்று மூன்று தரம் புதுப்பித்து, 10 வருடம் முடிய 2023 நவம்பரில் ஐ.எல்.ஆர் எடுத்தார். ஒரு வருடம் பொறுத்து 2024 நவம்பர் முடிவில் விண்ணப்பித்தால், பின்னோக்கிப் பார்க்கும் 10 வருடம் 2014 நவம்பரில் தொடங்குகிறது. ஓவர்ஸ்டே 2013 இலேயே முடிந்துவிட்டது. அதாவது 20 வருட வழியில் வந்தவருக்குப் பழைய ஓவர்ஸ்டே தானாகவே கணக்குக்கு வெளியே போய்விடுகிறது. இந்த வழியில் வந்தவர்கள் பயப்படுவதைப் பார்க்கத்தான் கவலையாக இருக்கிறது.

மற்றவர் 2010 இல் மாணவராகப் போனவர். 2012 இல் விசா முடிந்தது. 2016 இல் அகதிக் கேஸ் போட்டு, 2018 இல் அந்தஸ்து கிடைத்து, 2023 இல் ஐ.எல்.ஆர் எடுத்தார். இவர் 2024 இல் விண்ணப்பித்தால் 2014 முதல் 2016 வரையான ஓவர்ஸ்டே அந்த 10 வருடத்துக்குள் விழுகிறது. இவருக்குத்தான் மேலே சொன்ன மாற்றங்கள் உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் "வழமையாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதிகாரிக்குத் தீர்மானிக்கும் உரிமை இருக்கிறது. ஓவர்ஸ்டேயோடு பொய்ப் பத்திரம், ஹோம் ஒபிஸ் சொன்ன நாட்களில் கையெழுத்துப் போடப் போகாமல் தலைமறைவானது போன்றவை சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்படியானவர் சொலிசிற்றரோடு பேசாமல் பணம் கட்டக் கூடாது.

ஓவர்ஸ்டே வேறு, களவாக இறங்கினது வேறு

எங்கள் ஆட்களிடையே மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். முறையான விசாவில் போய், அது முடிந்தும் நின்றவர் ஓவர்ஸ்டே செய்தவர். ஏஜென்சிக்காரர் பிடித்துக் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டில் உள்ளே போனவரும், லொறிக்குள்ளோ வள்ளத்திலோ போனவரும் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள். பேச்சில் இரண்டு பேரையும் "விசா இல்லாமல் நிண்டவர்" என்றுதான் சொல்கிறோம். சட்டத்தில் இன்று இவர்களுக்கிடையே பெரிய இடைவெளி.

2025 பெப்ரவரி 10 ஆம் திகதியிலிருந்து ஹோம் ஒபிஸ் நன்னடத்தை வழிகாட்டியை மாற்றியது. அன்று முதல் விண்ணப்பிப்பவர் முன்பு சட்டவிரோதமாக நுழைந்திருந்தால், எத்தனை வருடம் கடந்திருந்தாலும் வழமையாக மறுக்கப்படும். வேண்டிய முன் அனுமதி இல்லாமல் ஆபத்தான பயணம் செய்து வந்து சேர்ந்தவருக்கும் அதே நிலை. 10 வருடக் கணக்கு இங்கே உதவாது. ஆபத்தான பயணம் என்பதற்கு வள்ளத்திலும் வாகனத்துக்குள் ஒளித்தும் வருவதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். வழமையான பயணிகள் விமானத்தில் வந்து இறங்கியது அதற்குள் வராது.

விமான நிலையத்தில் குடிவரவு மேசையிலேயே "நான் அகதி" என்று சொன்னவரும், கள்ளப் பாஸ்போட்டைக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பிறகு கேஸ் போட்டவரும் ஒரே நிலையில் இல்லை. இரண்டாமவர் ஏமாற்றி நுழைந்தவராகக் கருதப்படலாம். விதிவிலக்குக்கு இடம் உண்டு. ஆனால் அதை உரிய ஆதாரத்தோடு கேட்டு வாங்க வேண்டும். எப்படி நுழைந்தோம் என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும், விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு முதலில் உங்கள் கோப்பை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கோப்பை முதலில் நீங்கள் வாசியுங்கள்

ஹோம் ஒபிஸ் உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. சப்ஜெக்ற் அக்செஸ் ரிக்குவெஸ்ற் என்பார்கள். இணையத்தில் கேட்கலாம், காசு இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் வரவேண்டும். நேர்முக விசாரணையில் சொன்னவை, பழைய மறுப்புக் கடிதங்கள், கொடுத்த முகவரிகள், இறங்கிய திகதி எல்லாம் அதில் இருக்கும்.

இதற்கு ஒரு மாதம் செலவழிப்பது வீண் இல்லை. இருபது வருடத்துக்கு முன் யாரோ மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்ன ஒரு திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதிகாரியின் கணினியில் அது இருக்கும். இப்போது நீங்கள் எழுதுவதையும் அப்போது எழுதப்பட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவர் பார்ப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால், ஓவர்ஸ்டேக்கு மறுக்காதவர் பொய்க்கு மறுப்பார். ஹோம் ஒபிசை ஏமாற்றியதாக முடிவெடுத்தால் அதன் தாக்கம் வழமையாக 10 வருடம் இருக்கும்.

படிவத்தில் ஓவர்ஸ்டேயை எப்படி எழுதுவது? சுருக்கமாக, திகதியோடு. இரண்டாவது உதாரணத்தில் உள்ளவர் இப்படி எழுதினால் போதும்: "என்னுடைய மாணவர் விசா 2012 மே 30 இல் முடிவடைந்தது. அன்றிலிருந்து 2016 மார்ச் 4 இல் அடைக்கலம் கோரும்வரை விசா இல்லாமல் இருந்தேன். இந்தக் காலம் பற்றி அடைக்கல விண்ணப்பத்திலும் ஐ.எல்.ஆர் விண்ணப்பத்திலும் தெரிவித்திருக்கிறேன். 2018 இல் அந்தஸ்து கிடைத்த பிறகு எந்த இடைவெளியும் இல்லை." இதற்குமேல் கதை வேண்டாம். கல்லூரி மூடப்பட்டது, சொலிசிற்றர் பிழைவிட்டார் போன்ற காரணங்களுக்குக் கடிதம் இருந்தால் இணைக்கலாம். கடிதம் இல்லாத குற்றச்சாட்டை எழுதிப் பயனில்லை.

பலர் ஓவர்ஸ்டே என்று நினைத்துப் பயப்படும் சில இடைவெளிகள் ஓவர்ஸ்டேயே அல்ல. விசா முடிவதற்கு முன்னரே புதுப்பிக்கப் போட்டு, முடிவு வர எட்டு மாதம் பிந்தினால், அந்த எட்டு மாதமும் பழைய விசா சட்டப்படி நீண்டுகொண்டிருக்கும். விசா முடிந்த பிறகு போட்டவர்களுக்கும் சிறு சலுகை இருந்தது. 2016 நவம்பர் 24 க்கு முன் 28 நாள். அதற்குப் பிறகு 14 நாள், அதுவும் நியாயமான காரணம் இருந்தால்.

நாட்கணக்கு

6(1) இல் போகிறவர் விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய 5 வருடத்தில் 450 நாளுக்கு மேல் வெளிநாட்டில் நின்றிருக்கக் கூடாது. கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. ஐ.எல்.ஆர் கிடைத்து 12 மாதம் முடிந்திருக்க வேண்டும். 6(2) இல் போகிற கணவன் அல்லது மனைவிக்கு 3 வருடம், 270 நாள், கடைசி 12 மாதத்தில் அதே 90 நாள். 12 மாதக் காத்திருப்பு இல்லை. ஐ.எல்.ஆர் கையில் இருந்தால் அடுத்த நாளே போடலாம்.

போகிற நாளும் திரும்புகிற நாளும் வெளியே நின்ற நாளாகக் கணக்கில் வராது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்ட் 1 ஆம் திகதி வெளிக்கிட்டு 30 ஆம் திகதி லண்டனில் இறங்கினால் கழிவது 28 நாள். 450 கொஞ்சம் தாண்டி 480 வரை போனால் வழமையாக மன்னிப்பார்கள். 90 தாண்டி 100 வரையும் அப்படியே. அதற்குமேல் காரணமும் ஆதாரமும் வேண்டும்.

ஆட்களை அதிகம் விழுத்துவது முதல் நாள் விதி. விண்ணப்பத்துக்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முந்திய நாளில் நீங்கள் பிரித்தானியாவுக்குள் நின்றிருக்க வேண்டும். 2026 மே 10 ஆம் திகதி விண்ணப்பித்தால் 2021 மே 11 ஆம் திகதி அங்கே நின்றிருக்க வேண்டும். அன்று ஊரில் ஒரு செத்தவீட்டுக்கு வந்து நின்றிருந்தால், நீங்கள் திரும்பிப்போன நாளைப் பார்த்து விண்ணப்பத்தைச் சில கிழமை தள்ளிப் போடுங்கள். விசேட காரணம் இருந்தால் இதையும் தளர்த்த இப்போது இடம் உண்டுதான். ஆனால் இரண்டு கிழமை பொறுத்தால் தீர்கிற விஷயத்துக்குச் சலுகை கேட்டு நிற்பது புத்தி அல்ல.

பழைய பாஸ்போட் தொலைந்தவர்கள் முத்திரைக்குப் பதிலாக வேறு சான்றுகளைக் கொடுக்கலாம்: சம்பளச் சிட்டைகள், பி60 (முதலாளி தரும் வருடாந்தச் சம்பள, வரிச் சான்று), வரி அலுவலகக் கடிதம், விமான ரிக்கற் மின்னஞ்சல்கள். அகதி அந்தஸ்தில் ஐ.எல்.ஆர் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பாஸ்போட் எடுத்து அதில் ஊருக்கு வந்து போயிருந்தால், "பயம் என்றீரே, எப்படிப் போனீர்?" என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் வரலாம். போனதை மறைக்க வேண்டாம். போன காரணத்தையும் அதற்கான சான்றையும் சேர்த்து வையுங்கள்.

பெயரும் பிறந்த திகதியும்

எங்கள் பெயர் முறைக்கும் அவர்களின் படிவத்துக்கும் ஒத்துவருவதில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் தனியாக இருக்கும். பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முதலில் வரும். லண்டனில் இறங்கிய நாளில் அதிகாரி இரண்டையும் மாற்றி எழுதியிருப்பார். வங்கியில் ஒருமாதிரி, வாகன அனுமதிப்பத்திரத்தில் வேறொருமாதிரி. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துக் கூடக் குறைய இருக்கும்.

குடியுரிமைச் சான்றிதழில் வருகிற பெயரில்தான் பிரித்தானியப் பாஸ்போட் வரும். இலங்கைப் பாஸ்போட்டில் வேறு பெயர் இருந்தால் பாஸ்போட் அலுவலகம் முதலில் அதைத் திருத்தி வரச் சொல்லும். ஆகவே விண்ணப்பிக்க முன்னரே எந்தப் பெயர் என்று முடிவெடுத்து, எல்லாப் பத்திரத்தையும் அதற்கு ஒத்ததாக ஆக்குங்கள். பயன்படுத்திய எல்லாப் பெயரையும், ஏஜென்சிக்காரர் தந்த பாஸ்போட்டில் இருந்த பெயர் உட்பட, படிவத்தில் கேட்கும் இடத்தில் எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினர் உண்மையாக உதவக்கூடிய இடம் இது. பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதியை எடுத்து, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பலாம். பழைய போட்டோக் கொப்பியை அனுப்ப வேண்டாம். பதிவேடு அழிந்துபோன பிரிவுகளில் பிறந்தவர்கள் அனுமான வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டி வரலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் முதலிலேயே தொடங்குங்கள். "இரண்டு பெயரும் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிப்பது பயன்படும். அது துணைச் சான்று மட்டுமே, பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகாது.

பிறந்த திகதியையோ பெயரையோ மாற்றிச் சொல்லி அந்தஸ்து எடுத்தவர் அதே பொய்யோடு சிற்றிசனும் எடுத்தால், விஷயம் அதோடு முடியாது. 1981 சட்டத்தின் 40 ஆம் பிரிவு, பொய்யாலும் மறைத்தலாலும் பெற்ற குடியுரிமையைப் பறிக்க அதிகாரம் தருகிறது. அதற்குக் காலக்கெடு இல்லை. இப்படியானவர் விண்ணப்பிக்க முன்னரே சொலிசிற்றர் மூலம் உண்மையைச் சொல்லித் திருத்துவதுதான் வழி. அதில் ஆபத்து இருக்கிறது. ஆனால் பொய்யின்மேல் இன்னொரு பத்திரத்தைக் கட்டுவதில் ஆபத்து அதைவிடக் கூட.

ஓவர்ஸ்டே காலத்தில் செய்த வேலை, வரி, கடன்

விசா இல்லாத காலத்தில் கடையிலோ பெற்றோல் செற்றிலோ காசுக்கு வேலை செய்தவர்கள் உண்டு. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வேறொருவரின் நஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தில் வேலை செய்தது இன்னும் பாரதூரமானது. அதை ஏமாற்று என்று எடுக்க இடமுண்டு. அது இருந்தால் சட்ட ஆலோசனை இல்லாமல் போட வேண்டாம். இப்போது சொந்தத் தொழில் செய்பவர், ஐ.எல்.ஆர் விண்ணப்பத்தில் காட்டிய வருமானமும் வரி அலுவலகத்துக்குக் காட்டிய வருமானமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வரிப் பாக்கி இருந்தால் கட்டி முடித்து, அல்லது தவணை ஒப்பந்தம் எழுதி, அந்தக் கடிதத்தை இணைக்க வேண்டும். ஓவர்ஸ்டே காலத்தில் ஆஸ்பத்திரியில் ஏற்பட்ட கடன் 500 பவுணோ அதற்கு மேலோ கட்டாமல் கிடந்தால் அதுவும் மறுப்புக்குக் காரணமாகும். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் இதை முதலில் தேடிப் பாருங்கள். பில் பழைய முகவரிக்குப் போய், உங்கள் கண்ணிலேயே படாமல் இருந்திருக்கும்.

குற்றத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு வழமையாக மறுப்புத்தான். வாகன வேகத் தண்டம் ஒன்றிரண்டு பெரிதல்ல. ஆனாலும் கேட்ட இடத்தில் எழுத வேண்டும்.

பரீட்சை, சாட்சிகள், பணம்

பிரித்தானிய வாழ்க்கை பற்றிய லைஃப் இன் த யூகே பரீட்சையில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரி வந்தால் சித்தி. கட்டணம் 50 பவுண். ஆங்கிலம் பேசவும் கேட்கவும் பி1 தரம் (இடைநிலைத் தரம்) வேண்டும். ஐ.எல்.ஆருக்கு இவற்றைச் செய்தவர்கள் திரும்பச் செய்யத் தேவையில்லை, பழைய சான்றின் இலக்கம் போதும். அகதி அந்தஸ்தின் வழியாக ஐ.எல்.ஆர் எடுத்தவர்களிடம் அப்போது இவற்றைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் இப்போது செய்தாக வேண்டும், பலர் கடைசி நேரத்தில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். 65 வயதானவர்களுக்கு இரண்டும் இல்லை.

சாட்சிகள் இரண்டு பேர், உங்களை 3 வருடமாவது தெரிந்தவர்கள். ஒருவர் ஆசிரியர், கணக்காளர், மதகுரு போன்ற அங்கீகரிக்கப்பட்ட தொழில் உள்ளவர், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மற்றவர் பிரித்தானியப் பாஸ்போட் உள்ளவர், 25 வயதுக்கு மேற்பட்டவர் அல்லது தொழில் உள்ளவர். உங்களுக்கும் ஒருவருக்கொருவரும் சொந்தமாக இருக்கக் கூடாது. எங்களுக்கு இதுதான் கஷ்டம், தெரிந்தவர் எல்லாம் ஒருவகையில் சொந்தம். உங்கள் விண்ணப்பத்தைச் செய்யும் சொலிசிற்றரையும் போட முடியாது.

படிவத்தின் பெயர் ஏ.என். இணையத்தில் நிரப்புவது. 2025 ஏப்ரல் 9 இல் கட்டணம் 1,605 பவுண், உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு 130, மொத்தம் 1,735 ஆக இருந்தது. கட்டணம் அடிக்கடி ஏறுவதால் போடும் நாளில் அரச தளத்தில் பாருங்கள். வளர்ந்தவர்களுக்குக் கட்டண விலக்கு இல்லை. மறுத்தால் விழாப் பணம் மட்டும் திரும்பும். பணம் கட்டிய பிறகு கைரேகை கொடுக்கவும் பத்திரங்களை ஏற்றவும் நாள் எடுக்க வேண்டும்.

பணம் வாங்கி "சிற்றிசன் எடுத்துத் தாறம்" என்பவர்களைப் பற்றி ஒன்று. பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு ஒருவர் சொலிசிற்றராகவோ பாரிஸ்ரராகவோ இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் சொல்வது குற்றம். பதிவு இலக்கத்தைக் கேட்டு, சபையின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

முடிவு வந்த பிறகு

பெரும்பாலான முடிவுகள் ஆறு மாதத்துக்குள் வரும். பழைய வரலாறு பெரிதாக உள்ள கோப்புகள் பிந்தலாம், பிந்துவது மறுப்பின் அறிகுறி அல்ல. இந்த நேரத்தில் பயணம் போகலாம். முகவரி மாறினால், கலியாணம் நடந்தால், பொலிஸ் விஷயம் ஏதும் வந்தால் ஹோம் ஒபிசுக்கு அறிவிக்க வேண்டும்.

மறுத்தால் மேன்முறையீடு கிடையாது. அதிகாரி சட்டத்தையோ வழிகாட்டியையோ பிழையாகப் பார்த்திருந்தால் என்.ஆர் படிவத்தில் மீள்பரிசீலனை கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகப் பாருங்கள். நாட்கணக்கில் மறுத்திருந்தால் பொறுத்துப் போடலாம். ஓவர்ஸ்டேயையும் சட்டவிரோத நுழைவையும் அதிகாரியே குழப்பியிருந்தால், கோப்பில் உள்ள விசா முத்திரையைக் காட்டி மீள்பரிசீலனை கேளுங்கள். மறுப்பால் ஐ.எல்.ஆர் தானாகப் போய்விடாது. ஏமாற்று என்று எழுதியிருந்தால் மட்டும் ஐ.எல்.ஆரையும் காப்பாற்றும் வேலையை உடனே தொடங்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் வந்த நாளில் நீங்கள் சிற்றிசன் ஆவதில்லை. மூன்று மாதத்துக்குள் விழாவுக்குப் போய் உறுதிமொழி எடுக்கிற கணத்தில்தான் ஆகிறீர்கள். அன்று கையில் தரும் சான்றிதழில் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் மண்டபத்தை விட்டு வெளியே வரமுன் பாருங்கள். அதன் பிறகு ஐ.எல்.ஆர் இல்லை, ஆகவே பிரித்தானியப் பாஸ்போட் கைக்கு வரும்வரை ரிக்கற் போட வேண்டாம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு

சிற்றிசன் கிடைத்தால்தான் மனைவியைக் கூப்பிடலாம் என்பது பிழை. ஐ.எல்.ஆரோடேயே கூப்பிடலாம். வருமான நிபந்தனை இரண்டு நிலையிலும் ஒன்றுதான், 2024 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 29,000 பவுண். காத்திருந்து வருடத்தைப் போக்க வேண்டாம்.

ஓவர்ஸ்டே காலத்தில் அங்கே பிறந்த பிள்ளை பிறப்பால் சிற்றிசன் அல்ல. தாயோ தகப்பனோ ஐ.எல்.ஆர் எடுத்ததும், பிள்ளைக்கு 18 வயதாகுமுன் எம்.என்.1 படிவத்தில் பதியலாம். பிறந்ததிலிருந்து 10 வயதுவரை அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, பெற்றோரின் விசா எதுவானாலும், ரி படிவத்தில் தனி உரிமை உண்டு. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்கலாம். ஐ.எல்.ஆருக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளை பிறக்கும்போதே சிற்றிசன்.

இலங்கைச் சட்டத்தை எல்லாரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டின் குடியுரிமையை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. விழா முடிந்த பிறகு பழைய இலங்கைப் பாஸ்போட்டில் கட்டுநாயக்காவில் இறங்குவது சட்டப்படி பிழை. பிரித்தானியப் பாஸ்போட்டில் விசா எடுத்துத்தான் வர வேண்டும், அல்லது இரட்டைக் குடியுரிமை எடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது: விழாவுக்கு முன்னரே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கக் கேட்பது, அல்லது பிறகு மீளப் பெறக் கேட்பது.

காணி உள்ள குடும்பங்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உறுதி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. சுன்னாகத்திலோ கரவெட்டியிலோ உள்ள வளவைப் பிள்ளையின் பெயருக்கு எழுத இருக்கிற பெற்றோர், விழாவுக்கு நாள் குறிக்க முன்னரே நொத்தாரிசைப் பார்த்து, எழுதுவது முதலிலா இரட்டைக் குடியுரிமை முதலிலா என்று கேட்டுத் தீர்மானியுங்கள்.